சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு தாத்தா

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இடைவேளை மணி அடித்த நேரத்தில் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு பெரியவர் தயங்கி நின்றுகொண்டிருந்தார். தலையில் மப்ளர், கையில் மஞ்சள் பை. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக ஏறியிருக்கிறது. “இந்தப் பள்ளிக்கூடத்துலதான் கொஞ்ச நாள் படிச்சேன். வயசுக்கு ஏதாவது எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்டார்.

எங்கள் பள்ளி நீலகிரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்துப் படிப்படியாகத் தரம் உயர்ந்த பள்ளி என்பதால் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எங்கள் பீரோவிலேயே கிடக்கின்றன. தலைமையாசிரியர் என்னிடம் சாவியைக் கொடுத்தார். 1972ஆம் ஆண்டுப் பதிவேட்டின் நடுப்பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. மூன்றாம் வகுப்பு. தந்தையின் தொழில்: தோட்டத் தொழிலாளி. பிறந்த தேதி ஜூன் 1. ‘முன்பு படித்த பள்ளி’ என்ற கட்டத்தில் நீல மையில் ‘சிலோன், பதுளை, தோட்டப் பள்ளி’ என்று எழுதியிருந்தது.

தாத்தா வந்திருப்பதைக் கேள்விப்பட்டு அவருடைய பேத்தி வகுப்பிலிருந்து ஓடி வந்தாள். ஏழாம் வகுப்பு, என் வகுப்பு. பதிவேட்டைப் பார்க்கட்டுமா என்றாள். தாத்தாவின் பெயர் இருந்த வரியை மட்டும் காட்டினேன். விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே போனவள் ‘விலகிய தேதி’ கட்டத்தில் நின்றுவிட்டாள்.

“ஏன் தாத்தா, நீங்க மூணாவதோட நின்னுட்டீங்களா?”

“தங்கச்சி கைப்பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கப் போகணும். பாத்துக்க ஆளில்லை. அதான்.”

இரண்டு வாக்கியம்தான். அந்தத் தங்கை பின்னாளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து அங்கன்வாடிப் பணியாளராகி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார் என்பதை அந்தப் பெண்தான் எனக்குச் சொன்னாள். சின்னப்பாட்டி வேலைக்குப் போனவர், தாத்தா கொழுந்து மூட்டை தூக்கியவர், இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அந்த வாரமே ஏழாம் வகுப்புக்குக் குடும்ப வரலாற்றுப் பணியைக் கொடுத்துவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கரும்பலகையில் ஒரு மரம் வரைந்தேன். கீழே ‘நான்’. மேலே அப்பா, அம்மா. அதற்கு மேலே இருபுறமும் தாத்தா, பாட்டி. அதற்கும் மேலே பூட்டன், பூட்டி. எல்லாக் கட்டங்களையும் வீட்டில் கேட்டு நிரப்பி வரச் சொன்னேன். 29 பேரில் 17 பேர் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் பெயர்கள்தான். பலருடைய மரத்தில் அம்மா வழிப் பாட்டியின் பெயர் இருந்த இடத்தில் ‘தெரியாது’ என்று இருந்தது. ஒரு பெண் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய பெரியம்மா வந்தார். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். பிள்ளையை வளர்ப்பது பெரியம்மாதான். அப்பா எங்கோ வேறு குடும்பமாகிவிட்டார். “டீச்சர், அவ அப்பா பேரை எழுதச் சொன்னீங்களாம். பேரு தெரியும். எழுதத்தான் அவளுக்கு மனசு வரல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குடும்ப மரம் நம் தொடக்க வகுப்புகளில் எல்லோரும் வரைய வைக்கும் ஒன்று. அதில் தவறில்லை. ஆனால் அந்தப் படம் இரத்த உறவை மட்டுமே கேட்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சளி பிடித்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பவருக்கு அதில் இடமே இல்லை. வராத அப்பாவுக்கு அடிமரத்தை ஒட்டியே ஒரு கட்டம் காத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். எமிஸ் பதிவேற்றும்போது அந்தக் கட்டங்களை நிரப்பியவர்கள் நாம்தானே. தெரிந்துமா இப்படி ஒரு படத்தை வரைந்தோம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

இது தொடர்பாக ஏதாவது ஆய்வு இருக்கிறதா என்று தேடியபோது அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் எமோரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் செய்த வேலை கண்ணில் பட்டது. இதற்கு வித்திட்டவர் டியூக்கின் மனைவி சாரா. கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளோடு பணியாற்றிய அவர், தங்கள் குடும்பத்தைப் பற்றி நிறையத் தெரிந்த குழந்தைகள் சிக்கல்களை நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்று கவனித்துச் சொன்னார். அதைச் சோதிக்க டியூக்கும் ஃபிவுஷும் ‘உனக்குத் தெரியுமா?’ என்ற தலைப்பில் 20 கேள்விகள் தயாரித்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெற்றோர் எங்கே சந்தித்தார்கள், நீ பிறந்தபோது என்ன நடந்தது, உன் குடும்பத்துக்கு நேர்ந்த பெரிய துன்பம் எது என்பது போன்ற எளிய கேள்விகள். 2001 கோடையில் சில டஜன் குடும்பங்களிடம் இவற்றைக் கேட்டார்கள்; சாப்பாட்டு மேசைப் பேச்சுகளையும் பதிவு செய்தார்கள். அதிகம் தெரிந்த குழந்தைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன.

இதைப் படித்ததும் 20 கேள்விகளை அச்சடித்து வகுப்பில் கொடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் டியூக் ஓர் எச்சரிக்கை தருகிறார். விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தால் எந்தப் பயனும் இல்லை. அந்த விடைகள் ஒரு குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அந்த வீட்டில் யாரோ உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், குழந்தை கேட்டிருக்கிறது என்று பொருள். வலிமை தருவது அந்தப் பேச்சு. இன்னொன்றும் அவர்கள் சொல்கிறார்கள். குடும்பக் கதைகள் மூன்று விதமாகச் சொல்லப்படுகின்றனவாம். ஒன்றுமில்லாமல் இருந்தோம், உயர்ந்தோம் என்பது ஒரு விதம். எல்லாம் இருந்தது, இழந்தோம் என்பது இன்னொரு விதம். ஏறினோம், விழுந்தோம், மறுபடி எழுந்தோம், எப்போதும் கூடவே இருந்தோம் என்பது மூன்றாவது. பிள்ளைகளுக்கு அதிகம் தெம்பு தருவது இந்த மூன்றாவது கதைதான். நம் வீடுகளில் பெரும்பாலும் முதல் கதையைத்தான் சொல்கிறோம். அதுவும் பிள்ளை மதிப்பெண் குறைவாக வாங்கிய அன்று, திட்டுவதற்கு முன்னுரையாக.

அடுத்த ஆண்டு மரத்தை விட்டுவிட்டேன். ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன்: ‘இந்த வகுப்பறை வரைக்கும் உன்னைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார் யார்?’ இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இன்று உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடமோ அவரை அறிந்தவரிடமோ பேசி, அவரைத் தாங்கியவர் யார் என்று அடுத்துக் கேட்க வேண்டும். பிறகு அவரையும் தாங்கியவர் யார் என்று. இப்படிப் பின்னோக்கிப் போகப் போக வரலாறு தானாக வரும். பிள்ளைகளே இதற்கு ‘தாங்கினவங்க நோட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வந்த குறிப்பேடுகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஒரு பையன் தன் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தான். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் போனதும், அம்மாவின் அறுவை சிகிச்சைக் கடன் அடைந்ததும் ஒரே ஆண்டு. இன்னொருத்தி பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதினாள். அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது பதினைந்து நாள் அந்தப் பாட்டிதான் இவளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். அவர் மொழி வேறு, சமயம் வேறு. அவரைத் தாங்கியவர் யார் என்று கேட்கப் போனவள், அவர் ஊரிலிருந்து ஒற்றையாக இந்த மலைக்கு ஏறி வந்த கதையை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதற்கு முன் அந்தப் பெண் ஒரு பக்கத்துக்கு மேல் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

பேட்டி எடுப்பது பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ‘உங்க வரலாற்றைச் சொல்லுங்க’ என்று கேட்டால் பெரியவர்கள், ‘எனக்கு என்ன இருக்கு சொல்ல?’ என்று எழுந்து போய்விடுவார்கள். கைவேலை நடக்கும்போது கேட்பது நல்லது. அரிசி புடைக்கும்போது, பூண்டு உரிக்கும்போது. ஒரு பொருளைக் கையில் எடுத்துக் கேட்பது அதைவிட நல்லது. இந்தத் தூக்குச்சட்டி யாருடையது? முதல் சம்பளம் எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தீங்க? பள்ளிக்கூடத்தை விட்ட அன்னைக்கு என்ன செஞ்சீங்க? இப்படிக் கேட்டால் பேச்சு நிற்காது.

அவர்கள் ஆண்டுக் கணக்கு சொல்ல மாட்டார்கள். ‘தனுஷ்கோடி புயலுக்கு அடுத்த வருஷம்’ என்பார்கள். ‘அண்ணா செத்தப்போ நான் கைப்பிள்ளை’, ‘எம்.ஜி.ஆர். தவறின வருஷம் எனக்குக் கல்யாணம்’ என்பார்கள். புயல் 1964 டிசம்பர், அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர். ஆழிப்பேரலை 2004 டிசம்பர். இப்படி ஓர் ஐந்தாறு நிகழ்வுகளை வரிசையாக ஒரு சார்ட்டில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டால், பிள்ளைகளே பாட்டியின் பேச்சைக் காலக்கோட்டில் பொருத்திவிடுகிறார்கள். காலக்கோடு என்ற பாடத்தை நான் அதற்குப் பிறகு தனியாக நடத்தவே இல்லை.

காகிதங்கள் அடுத்தது. பழைய குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், பட்டா, கிரையப் பத்திரம், மொய் நோட்டு. மொய் நோட்டை மறந்துவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், யார் எவ்வளவு கைகொடுத்தார்கள் என்று ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதும் அதில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பரண் மேல் கிடக்கிறது. மாமன் வீட்டாரின் செய்முறை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கும்.

காகிதம் சொல்வதெல்லாம் உண்மை என்று பிள்ளைகள் நம்புவார்கள். அதை உடைப்பது நல்ல பாடம். எங்கள் பழைய பதிவேட்டில் ஒரே பக்கத்தில் எத்தனையோ பேருக்கு மே, ஜூன் மாதங்களில்தான் பிறந்தநாள். ஒரு மலையில் அத்தனை குழந்தைகளும் கோடையில்தான் பிறந்தார்களா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து ஒருவன் சொன்னான்: “பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் டீச்சர்!” ஆம். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார். அந்தத் தேதியைத்தான் இன்று அந்த மனிதர்கள் ஆதாரிலும் ஓய்வூதிய விண்ணப்பத்திலும் தூக்கிச் சுமக்கிறார்கள். பெயரும் அப்படித்தான். ஒரே ஆள் குடும்ப அட்டையில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் இன்னொரு பெயராக இருப்பார். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் வரலாற்றுச் சான்றுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பற்றிப் பேசும்போது கல்வெட்டுக்குப் போகும் முன் இங்கிருந்து தொடங்கலாம்.

எங்கள் பகுதியில் காகிதங்களைத் தேடத் தொடங்கினால் பாதி வீடுகளில் கதை கடலைத் தாண்டிவிடும். எங்கள் மலைக்கு மட்டும் உரியதல்ல இது. தமிழகத்தின் பல ஊர்களில் ‘சிலோன் காலனி’, ‘பர்மா காலனி’ என்று இருக்கிறது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் இலங்கைக்குப் போனார்கள். மூன்று, நான்கு தலைமுறை அங்கேயே லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தது. 1948இல் இலங்கை விடுதலை பெற்ற ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்களாகப் படிக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு வீட்டில் அண்ணன் அந்த எண்ணிலும் தங்கை இந்த எண்ணிலும் விழுந்தார்கள் என்பது வீட்டில் கேட்டால்தான் தெரியும்.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு ஆளுக்கொரு திசை. நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தொடங்கப்பட்டதுதான் இன்று டேன்டீ என்று நாம் சொல்லும் அரசுத் தேயிலைத் தோட்டம். ரெப்கோ வங்கிக்குப் போகிறோம், வருகிறோம். அந்தப் பெயர் தாயகம் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனத்தின் சுருக்கம் என்று என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை. அவர்களில் இருவருடைய வீட்டில் அந்த வங்கியின் பழைய பாஸ்புக் இருந்தது.

குறிப்பேடுகளைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், உங்க நோட்டு எங்கே?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. ஏனென்றால் நானும் சிலோன்காரர் வீட்டுப் பிள்ளைதான். என் அப்பா 1971இல் தன் பதினாறு வயதில் வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கேட்டு வரச் சொல்லும் நான் என் வீட்டில் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். தாத்தாவின் பாஸ்போர்ட் இருந்தது. மடித்து மடித்து நான்காகக் கிழிந்த குடும்ப அட்டை ஒன்று இருந்தது; மண்டபத்தில் காட்டியது. அதில் தாத்தா, அப்பாயி, மூன்று பிள்ளைகள். சொந்த ஊர் என்ற இடத்தில் முசிறி தாலுகாவில் ஒரு கிராமம். அந்தக் கிராமத்தைத் தாத்தாவே பார்த்ததில்லை. அவருடைய அப்பா சொன்ன பெயர். மூன்று பிள்ளைகள்தானா, உங்கள் அக்கா எங்கே என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, 1968இல் வேறு தோட்டத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர்கள் இந்தியாவுக்கு. ஹட்டன் ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்த அத்தை, வண்டி நகரும்போது காதிலிருந்த தோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக அப்பாயி கையில் வைத்திருக்கிறார். ரயிலை அங்கே கோச்சி என்பார்கள். அப்பா அந்த வண்டியை ‘அழுகைக் கோச்சி’ என்றார்.

அந்தத் தோடு இங்கே வந்த முதல் மழைக்காலத்தில் அடகுக்குப் போனது. மீட்டார்கள். சித்தப்பாவின் காய்ச்சலுக்குப் போனது. மீட்டார்கள். கடைசியாக என் பி.எட். கட்டணத்துக்குப் போனபோது மீட்க முடியவில்லை. எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. 22 ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். என்னை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களில் நான் ஒருமுறைகூடப் பார்த்திராத ஓர் அத்தை இருக்கிறார் என்பது 44 வயதில்தான் தெரிந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு கடிதம் நின்றுபோயிருந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் மூலமாக இரண்டு மாதம் தேடி எண்ணைப் பிடித்தோம். அழைப்பு போனதும் அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். “நீ தம்பி மகளா? டீச்சரா?” என்றார் அத்தை. தோட்டைப் பற்றி நான் கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை, அல்லது இல்லை என்று சொன்னார்.

என் குறிப்பேட்டை வகுப்பில் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் எழுதியது வேறு மாதிரி இருந்தது. ஆகவே சக ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, முதல் நோட்டு உங்களுடையதாக இருக்கட்டும்.

குடும்ப ஆதரவு என்றால் வீட்டுப்பாடத்தில் உதவுவது, கூட்டத்துக்கு வருவது, கையெழுத்துப் போடுவது என்றே நாம் நினைக்கிறோம். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் இது எப்படி நடக்கும்? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அப்பா சொன்னார்: “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் என்னங்க டீச்சர் உதவி செய்யறது?” அவருடைய மகன் அந்த மாதம் அவரை மூன்று மாலை உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறான். அடுத்த கூட்டத்துக்கு அவர் கேட்காமலே வந்தார். வகுப்பிலும் வந்து, கவாத்து வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது, ஏன் செடியை ஒரு மட்டத்துக்கு வெட்டுகிறார்கள் என்று அரை மணி நேரம் பேசினார். மதிப்பெண் கூடியதா என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை. அந்தப் பையன் வீட்டில் புத்தகத்தை விரித்தால் இப்போது அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறாராம்.

இதில் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. முதலாவது சாதி. நம் ஊரில் பூர்வீகத்தைத் தோண்டினால் மூன்றாவது கேள்வியில் அது வந்து நிற்கும். பழைய பதிவேடுகளில் அதற்கென்றே கட்டம் உண்டு. ஆகவே பதிவேட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. தேவையான வரியை நாமே படித்துச் சொல்ல வேண்டும். ‘எந்த ஊர், என்ன வேலை, யார் உதவினார்கள்’ என்பதோடு கேள்வியை நிறுத்திவிடுகிறேன். குலப் பெருமை எழுதிக்கொண்டு வரும் பிள்ளையிடம், ‘அது சரி, உன் பாட்டிக்கு முதல் பிரசவத்தில் யார் துணைக்கு இருந்தார்கள்?’ என்று கேட்டால் பேச்சு தரைக்கு வந்துவிடும். அதே நேரத்தில், ஒடுக்கப்பட்ட கதையை வீட்டார் தாங்களாகவே சொல்ல விரும்பினால் அதை மறைக்கச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. எங்கே படிப்பது, எங்கே படிக்காமல் வைத்துக்கொள்வது என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிடுகிறேன்.

இரண்டாவது, சொல்லாமல் இருக்கும் உரிமை. குடி, பிரிவு, தற்கொலை, சிறை என்று எதுவும் ஒரு வீட்டில் இருக்கலாம். ‘பெரியவர்கள் பேச்சை மாற்றினால் நீயும் மாற்றிவிடு’ என்பது எங்கள் வகுப்பின் முதல் விதி. குறிப்பேடுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. கண்காட்சி வைத்தபோதும் பொருள்களை வைத்தோம், குறிப்பேடுகளை வைக்கவில்லை.

ஒன்று முதல் ஐந்து வரை கையாளும் ஆசிரியர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எனக்கு இந்தப் பெயரை வைத்தது யார், ஏன் வைத்தார்கள் என்ற ஒரு கேள்வி போதும். அல்லது வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றி மூன்று வாக்கியம். எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று தாத்தாவின் பல் செட்டைக் கொண்டுவந்துவிட்டதாம். தாத்தா மதியச் சாப்பாட்டுக்கு முன் பின்னாலேயே வந்து சேர்ந்தார். வந்தவரை உட்கார வைத்து ஆசிரியை ஒரு கதை சொல்ல வைத்துவிட்டார்.

பெரியம்மாவிடம் வளரும் அந்தப் பெண் இரண்டாம் முறை குறிப்பேடு கொண்டுவந்தாள். பெரியம்மா தன் கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப் போட்ட கதை அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ‘நான் சொன்னது எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாள்’ என்று பெரியம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

பதிவேட்டில் தாத்தாவைப் பார்த்த பெண் இப்போது பத்தாம் வகுப்பு. தாத்தாவுக்கு வயதுச் சான்று கிடைத்து உதவித்தொகையும் வரத் தொடங்கிவிட்டது. சில மாதங்களுக்கு முன் அவள் என்னிடம் வந்து, “டீச்சர், உங்க அத்தைகிட்ட பதுளையில தாத்தா படிச்ச பள்ளிக்கூடம் இன்னும் இருக்கான்னு கேட்டுச் சொல்றீங்களா?” என்றாள். அத்தை இருப்பது ஹட்டன் பக்கம்; பதுளை தூரம். இருந்தாலும் பேரனிடம் சொல்லியிருக்கிறார். அவனுடைய நண்பன் ஒருவன் தோட்டத்தின் பெயரை வைத்து விசாரித்துப் போய், போனில் நான்கு படங்கள் எடுத்து அனுப்பினான். தோட்டப் பள்ளிகளை அங்கே அரசு எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. புதிய கட்டடம், நீலச் சுவர், கல் படிக்கட்டு.

பெரியவர் மறுநாள் பள்ளிக்கு வந்தார், அதே மஞ்சள் பையோடு. என் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நான்கு படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“கட்டடம் இது இல்லைம்மா. அது தகரம். இந்தப் படி இருந்துச்சு” என்றார். பேத்தி நோட்டை எடுத்து எத்தனை படி என்று எண்ணத் தொடங்கினாள்.